முதல் பஸ் கேரியர்

ஸ்ரீவைகுண்டம்
21-1-1977

செல்வ மருமகள் அருணாசலவடிவுக்கு மாமா ஆவுடையப்பன் ஆசீர்வதித்து எழுதுவது.

விரல் எடுத்த காலில் புண் ஆறிவருவதாக டாக்டர் சொல்லுகிறார், எனக்கு அப்படித் தெரியவில்லை. பஸ் ஏறக் கூடாது, படி ஏறக் கூடாது, கோபப்படக் கூடாது என்று மூன்று உத்தரவு போட்டிருக்கிறார். முதல் இரண்டையும் காப்பாற்றி வருகிறேன். நீயும் பேரப்பிள்ளைகள் இரண்டும் சுகம்தானே? உன் புருஷனுக்கு எழுதிப் பிரயோசனம் இல்லை. நான் பெற்ற பிள்ளையின் கையெழுத்து எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துவிட்டது. ஆகையால் இனி கடைச் சங்கதியெல்லாம் உனக்கே எழுதுவேன்.

கேரியர் தவறாமல் வருகிறது. முதல் பஸ் கண்டக்டர் ஜீவமணி வீட்டு வாசலிலேயே வண்டியை நிறுத்திக் கொடுத்துவிட்டுப் போகிறார். திங்கள் கடற்கரை ரோட்டுக் கடை, செவ்வாய் ரயிலடிக் கடை, புதன் துறைமுக வாசல் கடை என்று நான் போட்ட முறை மாறாமல் நடப்பதில் சந்தோஷம். சாத்தான்குளத்துக் கடை தூரம். அதைப் பார்த்துக்கொள்ள அந்த ஊரில் உன் அக்காள் இருக்கிறாள்.

ஆறுமுகத்தாய் காப்பி கிளப் என்று உன் அத்தை பெயரில் போர்டு மாட்டிய நாளிலிருந்து நம் வீட்டில் உலை வைத்தது கிடையாது. கடையில் எதை விற்றோமோ அதைத்தான் நாங்களும் சாப்பிட்டோம். உன் புருஷன் செல்லப்பாண்டிக்கு முதல் சோறு ஊட்டியதும் கடைச் சோறுதான். முதலாளி வீட்டில் அடுப்பு எரிந்தால் கடை அடுப்பின் மேல் கண் இருக்காது என்பது என் கட்சி. இப்போது எனக்குக் கடைக்கு வரக் கால் இல்லை. நாக்கு இருக்கிறது. கேரியர் வருகிறவரை நான் கல்லாவில் உட்கார்ந்திருப்பதாகவே நினைத்துக்கொள்ளுங்கள்.

யாரோ ஒருவர் பெயர் போடாமல் ஒரு கார்டு எழுதியிருக்கிறார். நம் கடையில் காப்பி காப்பியாக இல்லையாம், டம்ளரில் நாற்றமாம். அந்தக் கார்டைப் படித்துக்கொண்டே பிளாஸ்கைத் திறந்தேன். தெரு முழுக்க மணத்தது. கார்டைக் கிழித்துப் போட்டேன். மூன்று கடைப் பண்டமும் ஒரே கை செய்ததுபோல் இருக்கிறதே, புதிதாக ஒரு நல்ல மாஸ்டர் வந்திருக்கிறாரா? அவர் பெயர் என்ன?

பிள்ளைகளுக்கு என் முத்தம்.

ஆவுடையப்பன்


தூத்துக்குடி
2-2-1977

மதிப்புக்குரிய மாமா அவர்களைக் கும்பிட்டு வடிவு எழுதுவது.

தங்கள் கடிதம் கிடைத்தது. கட்டுப் பிரிக்கும்போது தங்களுக்கு வலி தெரிகிறதா என்று எழுதவும். வலி தெரிந்தால் நல்லது என்று இங்கே கம்பவுண்டர் சொன்னார். பெரியவன் பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயத்தில் மூன்றாவதாக வந்தான். சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. தாத்தாவுக்கு அனுப்ப வேண்டும் என்று பொட்டலம் கட்டி வைத்திருக்கிறாள்.

கடையெல்லாம் நடக்கிறது. துறைமுகத்துக்குப் பெரிய கப்பல்கள் வர ஆரம்பித்த பிறகு உங்கள் மகனுக்கு உட்கார நேரமில்லை. அந்தக் கார்டை எழுதியது யார் என்று தெரியவில்லை. காப்பிக்கொட்டை விலை ஏறியதிலிருந்து ஜனங்கள் எல்லாக் கடையையும் பற்றி இப்படித்தான் பேசுகிறார்கள்.

நீங்கள் கேட்ட மாஸ்டரின் பெயர் இசக்கியப்பன். உள்ளூர்க்காரர் இல்லை. கூச்ச சுபாவம், யார் கண்ணிலும் படமாட்டார். மூன்று கடைக்கும் அவரே மாவு பார்க்கிறார். அதனால் ஒரே கை போல் தோன்றும்.

நாளைக் கேரியரில் உங்களுக்குப் பிடித்த மிளகுப் பொங்கல் இருக்கும். மருந்தை வேளை தவறாமல் சாப்பிடுங்கள்.

வடிவு


தூத்துக்குடி
2-2-1977

அன்புள்ள அக்காளுக்கு,

அத்தானுக்கு இருமல் தேவலையா? கருப்பட்டியும் சுக்கும் அனுப்பினேனே, வந்ததா? இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை. மனதுக்குத்தான்.

அக்கா, இன்றைக்கு நான் ஒரு ஆம்பிளையைப் பெற்றெடுத்தேன். பெயர் இசக்கியப்பன், வயது நாற்பது இருக்கும், இட்லி அவிப்பதில் கெட்டிக்காரர். மாமா கேட்டார் என்று இப்போதுதான் பேனாவால் பெற்று, தபாலில் போட்டுவிட்டு வந்தேன்.

நீ யாரிடமும் சொல்லாதே. தீபாவளி முடிந்த வாரத்திலிருந்து மாமாவுக்குப் போகிற கேரியர் கடையிலிருந்து போகவில்லை. அன்றைக்குக் கடற்கரை ரோட்டுக் கடையிலிருந்து வந்த தூக்கைத் திறந்தேன். சட்னி ஊசிப்போய் நூல் விட்டது. சாம்பாரில் கரப்பான் கால். புண் ஆறாத மனுஷருக்கு இதையா அனுப்புவது? பிள்ளைகளுக்குப் பொங்கல் வாங்கிக் கொடுத்து இரண்டு பேரும் வாந்தி எடுத்ததும் அதே வாரம்தான். பின்கட்டில் ஒரு அடுப்பைப் பூசினேன். மாமா குடும்பத்தில் அடுப்பு மூட்டிய முதல் மருமகள் நான். ஒரு வாரம் கழித்து இவரும் கடையில் சாப்பிடுவதை விட்டுவிட்டார். தானே இலையைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அதைப் பார்த்த பிறகுதான் கடை எவ்வளவு கெட்டிருக்கிறது என்று நான் போய்ப் பார்த்தேன்.

காப்பித்தூளில் பாதி வறுத்த புளியங்கொட்டை. நேற்று மிஞ்சிய சாம்பாரில்தான் இன்றைய சாம்பார் ஆரம்பம். ஒரே அண்டாத் தண்ணீரில் காலையிலிருந்து சாயங்காலம் வரை டம்ளரை முக்கி எடுக்கிறார்கள். கீழே இருக்கிற தண்ணீர்த் தொட்டியைத் திறந்து பார்த்தவர்கள் இரண்டாம் தடவை பார்க்க மாட்டார்கள். இவரிடம் கேட்டால், "கப்பல்காரனும் லாரிக்காரனும் ஒரு நேரம் வாரான், போறான். ருசி பாக்கவா வாரான்? ஐயாவுக்கு மட்டும் ஒண்ணும் எழுதிராதளா, நெஞ்சு தாங்காது" என்கிறார். மாமா மேல் பாசம் இல்லாமல் இல்லை. அதுதான் எனக்கு வாயை அடைக்கிறது.

நான் செய்வது சரியா, அக்கா?

வடிவு


சாத்தான்குளம்
14-2-1977

ஏளா வடிவு,

அத்தானுக்கு இருமல் நின்றது, அதற்குப் பதில் என்னைத் திட்டுவது கூடியிருக்கிறது. ஆகவே சுகம்தான். உன் மாஸ்டருக்கு என் பெயரில் பாதியைக் கொடுத்ததற்கு எனக்கு என்ன தருகிறாய்?

விளையாட்டு போதும். இங்கே இருக்கிற உங்கள் கடையிலும் அதே லட்சணம்தான். சந்தை நாளில் போனேன். வடையைப் பிழிந்தால் விளக்கேற்றலாம், அவ்வளவு பழைய எண்ணெய். நான் ஒன்றும் பேசாமல் வந்துவிட்டேன். சம்பந்தி வீட்டுக் கடை என்று ஊரில் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

நீ செய்வது சரியில்லை. அந்தக் கடையைத் திருத்தக்கூடிய ஒரே மனுஷரை நீ உட்காரவைத்துப் பொய்யை ஊட்டிக்கொண்டிருக்கிறாய். உனக்கு எழுதத் தைரியம் இல்லையென்றால் எழுத வேண்டாம். ஒரே ஒரு நாள், கடையிலிருந்து வருகிற தூக்கை அப்படியே பஸ்ஸில் ஏற்று. மற்றதை உன் மாமாவின் நாக்கு பார்த்துக்கொள்ளும். ஒரு நாள் சாப்பிட்டால் யாரும் செத்துவிட மாட்டார்கள்.

பிள்ளைகளை ஒரு நடை இங்கே கூட்டிக்கொண்டு வா.

இசக்கித்தாய்


ஸ்ரீவைகுண்டம்
20-3-1977

செல்வ மருமகள் வடிவுக்கு ஆசீர்வாதம்.

புண் மூடிவிட்டது. ஆனாலும் கம்பு ஊன்றித்தான் நடக்கிறேன். பேத்தியின் பல் வந்து சேர்ந்தது. தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

இத்துடன் வருகிற பொட்டலத்தில் ஒரு எட்டு முழ வேட்டி இருக்கிறது. மாஸ்டர் இசக்கியப்பனுக்கு. என் கையால் கொடுக்க முடியவில்லை என்று சொல்லி நீயே கொடு. அன்றைய மிளகுப் பொங்கலுக்குப் பிறகு எனக்கு மனது கேட்கவில்லை. உன் அத்தை போன பிறகு அப்படி ஒரு பொங்கல் நான் சாப்பிட்டதில்லை.

போன வாரம் அற்புதமணி வந்திருந்தான். ரயிலடிக் கடையில் இருபது வருஷம் சப்ளை பார்த்தவன். செல்லப்பாண்டி நிறுத்திவிட்டானாம். "அண்ணாச்சி, கடை கெட்டுப் போச்சு. தொட்டியில எலி செத்துக் கெடந்துது, நான் கேட்டேன், வெளிய போகச் சொல்லிட்டாவ" என்று அழுதான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கேரியரைத் திறந்து அவன் முன்னால் வைத்தேன். "ஏலே, இது ஒங்க ரயிலடிக் கடைப் பண்டம். தின்னு பாத்துட்டுச் சொல்லு" என்றேன். அவன் தொடவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போய்விட்டான். வேலை போன ஆத்திரத்தில் வாய்க்கு வந்ததைப் பேசுகிறான் என்று விட்டுவிட்டேன்.

ஒரு சந்தோஷச் செய்தி. என் பழைய சிநேகிதன் பர்னபாஸ் பர்னாந்து வந்தான். மகள் கிளாடிசுக்கு மே மாதம் கல்யாணம். மத்தியானம் பிரியாணி அவர்கள் வீட்டுக் குசினியில். காலையில் கோயிலில் பூசை முடிந்து வருகிறவர்களுக்குப் பலகாரமும் காப்பியும் நம்மிடம் கேட்கிறான். "கடைய பத்தி ஊர்ல ஒரு மாதிரி பேசுதாவ அண்ணாச்சி. நான் தோணியோட கொழும்புக்கும் கொச்சிக்கும் அலையுதவன், எனக்குத் தெரியாது. நீங்க சொன்னா சரி" என்றான். இன்று காலையிலும் அந்தக் கடை இட்லியைத்தான் சாப்பிட்டேன், என் வார்த்தை போதுமா என்று கேட்டேன். போதும் என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். செல்லப்பாண்டியிடம் சொல்லிவிடு.

ஆவுடையப்பன்


தூத்துக்குடி
6-4-1977

மாமா அவர்களுக்கு வடிவின் வணக்கம்.

பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னிக்க வேண்டும். சின்னவளுக்கு அம்மை வார்த்திருந்தது, தலைக்குத் தண்ணீர் விட்டாயிற்று. நீங்கள் வெயிலில் வெளியே நடக்க வேண்டாம்.

வேட்டி வந்தது.

கல்யாண ஆர்டரைப் பற்றி ஒன்று கேட்கலாமா என்று தயங்கித் தயங்கி எழுதுகிறேன். கடையில் ஆள் போதவில்லை. பழைய ஆட்கள் நின்றுவிட்டார்கள். பர்னபாஸ் மாமா வீட்டுக் காரியம் பெரியது, பெரிய பெரிய ஆட்கள் வருவார்கள். வேறு யாரிடமாவது கொடுத்தால் அவர்களுக்கும் சௌகரியமாக இருக்குமோ என்று தோன்றுகிறது. நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அவர்கள் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அமாவாசைக்கு உங்களுக்கு எண்ணெய் சேர்க்காமல் அனுப்பட்டுமா?

வடிவு


ஸ்ரீவைகுண்டம்
10-4-1977

வடிவுக்கு,

பேத்தி குணமானது கேட்டு நிம்மதி. என் உடம்பைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, உன் கடிதத்தைப் படித்த பிறகு ரத்தம் நன்றாகவே ஓடுகிறது.

யார் உனக்கு இப்படி எழுதச் சொன்னது? செல்லப்பாண்டியா? முத்துக்குளிப்பு நடந்த வருஷம் கடற்கரை மணலில் நாலு கம்பு நட்டு, ஓலை போட்டு, ஒரு அடுப்போடு உட்கார்ந்திருந்தேன். ஒரு ஈ வரவில்லை. பக்கத்தில் மூன்று கடை, எல்லாம் பழைய கடை. பர்னபாஸ் அன்றைக்குத் தோணியை ஓட்டுகிற தண்டல். விடியும் முன்னால், முத்துக் குளிக்கிற ஆட்கள் அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு வந்து, "இங்கனதான் குடிக்கணும்லே, இந்த ஆளு தான் குடிச்சுப் பாத்துட்டுத்தான் நமக்கு ஊத்துதாரு" என்றான். அந்த ஒரு வார்த்தையில் எழும்பியவை இந்த நாலு கடையும். அவன் வீட்டுக் கல்யாணத்துக்கு ஆள் போதவில்லை என்று நான் சொல்ல வேண்டுமா? அதற்குப் பதில் இன்னொரு விரலையும் எடுத்துக்கொள்ளச் சொல்லுவேன்.

உனக்கு மாஸ்டர் இசக்கியப்பன் இருக்கிறார். அவரை நிற்கச் சொல். இனி இதைப் பற்றி எனக்கு எழுதாதே.

ஆவுடையப்பன்


தூத்துக்குடி
15-5-1977

அன்புள்ள அக்கா,

நீ எல்லாம் சுகமாக இருப்பாய் என்று நானே நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். எனக்குத் தூக்கம் போய்விட்டது.

கோயிலில் கிளாடிசுக்கு மூன்று ஞாயிறும் கல்யாண ஓலை வாசித்தாயிற்று. புதன்கிழமை கல்யாணம். அவள் அம்மா அமலோற்பவம் அக்காள் நேரில் வந்து அழைத்தார்கள். மகளுக்குச் சீர்ப் பெட்டியில் வைக்க என்னிடம் மஞ்சள் பட்டுக்கு எந்த ஜாக்கெட் சேரும் என்று கேட்டார்கள். போகும்போது, "ஒங்க மாமா வாக்குக் கொடுத்துட்டாவளா, எனக்குக் காலம்பற கவலை வுட்டுப் போச்சு" என்றார்கள். நான் சிரித்தேன், அக்கா. எப்படிச் சிரித்தேன் என்று தெரியவில்லை.

நீ சொன்னதைச் செய்து பார்த்தேன். வெள்ளிக்கிழமை கடைத் தூக்கை அப்படியே எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனேன். ஜீவமணி கையை நீட்டினார். எனக்குக் கை வரவில்லை. மறதியாய் வேறு தூக்கைக் கொண்டு வந்துவிட்டேன் என்று சொல்லி, வீட்டுக்கு ஓடி, சாக்கடையில் கொட்டிவிட்டு, உப்புமா கிளறி அடுத்த பஸ்ஸில் அனுப்பினேன். மாமா சாப்பிட்டு அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம். அதோடு இன்னொன்றும் உண்டு, உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல? பொங்கல் நன்றாக இருந்தது என்று அவர் எழுதியது எனக்குப் பிடித்திருந்தது. அம்மா போன பிறகு என் சமையலை ஒருவரும் வாய்விட்டுப் புகழ்ந்ததில்லை. இவர் தின்றுவிட்டு எழுந்து போவார். அந்த வேட்டி என் பெட்டிக்குள் சேலைக்கு அடியில் இருக்கிறது.

இவரிடம் அழுது கேட்டேன். இந்த ஒரு காரியத்தை மட்டும் சுத்தமாகச் செய்து கொடுங்கள் என்றேன். "நானே பக்கத்துல நின்னு பாக்கேன்ளா. தொட்டியக் கழுவச் சொல்லுதேன், புதுத் தேங்கா வாங்குதேன், போதுமா?" என்று சத்தியம் செய்திருக்கிறார். அதை நம்பிக்கொண்டிருக்கிறேன். நம்பாமல் என்ன செய்ய?

வடிவு


தூத்துக்குடி
2-6-1977

மாமா அவர்களுக்கு வணக்கம்.

இங்கே அனைவரும் சுகம். உங்கள் இரண்டு கடிதமும் வந்தன. எழுத நேரம் கிடைக்கவில்லை.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. கோயில் நிறைந்த கூட்டம். கிளாடிஸ் வெள்ளைச் சேலையில் அழகாக இருந்தாள். உங்கள் மகன் அன்று காலை துறைமுகக் கடையில் அவசர வேலை வந்து போக வேண்டியதாயிற்று, மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள். வெயில் கடுமை. ஊரில் பல பேருக்கு வயிற்றுக்குச் சரியில்லை. அமலோற்பவம் அக்காளுக்கும் உடம்புக்கு முடியாமல் இருந்தது. பர்னபாஸ் மாமா அலைச்சலில் இருக்கிறார்கள், அதனால்தான் உங்களைப் பார்க்க வரவில்லை.

நாளைக்குக் கேரியரில் இடியாப்பம். தேங்காய்ப்பால் தனியாக வைத்திருக்கிறேன். அன்றன்று சாப்பிட்டுவிடுங்கள், மிச்சம் வைக்க வேண்டாம்.

வடிவு


ஸ்ரீவைகுண்டம்
27-6-1977

வடிவுக்கு,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இன்று திங்கட்கிழமை, கடற்கரை ரோட்டுக் கடை முறை. கேரியர் வந்து இறங்கிய அதே பஸ்ஸில் பர்னபாஸும் வந்து இறங்கினான். சட்டைக் கையில் கறுப்புத் துணி தைத்திருந்தது. எனக்குக் கண் மங்கல், முதலில் அதைக் கவனிக்கவில்லை. "ஏலே பர்னபாஸ், மகளக் கட்டிக் கொடுத்ததும் நம்மள மறந்துட்டியோ? கல்யாணப் பலகாரம் எங்கலே?" என்று நான் கேட்டேன். பாவி, நான் சிரித்துக்கொண்டே கேட்டேன்.

அவன் திண்ணையில் உட்கார்ந்தான். பசியோடு வந்திருப்பான் என்று கேரியரைத் திறந்து, ஒரு இலையில் இரண்டு இட்லியும் சட்னியும் வைத்தேன். வெகு நேரம் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஒரு விள்ளல் பிட்டு வாயில் போட்டான். மென்றான். இன்னொரு விள்ளல் சட்னியில் தொட்டுத் தின்றான். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது.

"அண்ணாச்சி, இது எங்க அவிச்சது?"

"கடற்கர ரோட்டுக் கடையில."

"இல்ல அண்ணாச்சி. அன்னைக்கு எங்க பந்தியில விழுந்தது இது இல்ல."

அப்புறம்தான் சொன்னான். அமலோற்பவம் பூசையில் நன்மை அப்பம் வாங்குவதற்காக முந்தின ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லையாம். எல்லோரையும் சாப்பிட வைத்துவிட்டுக் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தாளாம். அண்டாவின் அடியில் கிடந்த சட்னி அவள் இலையில் விழுந்தது. மத்தியானத்துக்குள் முப்பது பேர் வாந்தி. மற்றவர்கள் பிழைத்தார்கள். அவள் வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் போய்விட்டாள். கிளாடிஸ் மறுவீடு போகவில்லை, தாயின் அடக்கத்துக்குப் போனாள். உன் புருஷன் ஊரெல்லாம் அவர்கள் வீட்டு நண்டுக் குழம்பால் வந்த வினை என்று சொல்லிவருகிறானாம். அவள் மத்தியானச் சாப்பாட்டில் கையே வைக்கவில்லை என்கிறான் பர்னபாஸ்.

"முப்பதாம் நாள் பூச முடிச்சுட்டு ஒங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி கேக்க வந்தேன், அண்ணாச்சி. ஏன் எனக்குப் பொய் சொன்னீங்கன்னு கேக்க வந்தேன். இப்பத் தின்னு பாத்ததும் புரிஞ்சு போச்சு. நீங்க பொய் சொல்லல. ஒங்களுக்கே தெரியாது" என்றான். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இலையை அவனே மடித்து எடுத்துக்கொண்டு போய் வெளியே போட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டான்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது என்று நீ எழுதிய கடிதம் என் முன்னால் இருக்கிறது. அதை எழுதிய அன்றைக்கு அவளைப் புதைத்து எத்தனை நாள் ஆகியிருந்தது?

நான் கேட்பது வேறொன்றும் இல்லை. மாஸ்டர் இசக்கியப்பன் யார்?

ஆவுடையப்பன்


ஆறுமுகத்தாய் காப்பி கிளப்
கடற்கரை ரோடு, தூத்துக்குடி
5-7-1977

வடிவுக்கு,

உன் பதிலுக்குக் காத்திருந்தேன். வரவில்லை. கேரியர் மட்டும் வந்தது. கேரியரே பதில் என்று எடுத்துக்கொண்டு, அதைக் கழுவிக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். இரண்டு தெரு தள்ளித்தான் உன் வீடு. ஆனாலும் இதைக் கடிதமாகவே எழுதுகிறேன், நேரில் பார்த்தால் நான் கத்திவிடுவேன்.

வாசலை ஒட்டிய பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். என்னை இங்கே யாருக்கும் தெரியவில்லை. சுவரில் உன் அத்தையின் படத்தில் எண்ணெய்ப் புகை படிந்து முகமே இல்லை. இட்லி கேட்டேன், கொடுத்தார்கள். சட்னி கேட்டேன், கொடுத்தார்கள். காப்பி டம்ளரின் விளிம்பில் யாரோ குடித்த மிச்சம் காய்ந்து கிடந்தது. எல்லாவற்றையும் சாப்பிட்டேன். அப்புறம் அடுக்களைக்குப் போய் இசக்கியப்பன் எங்கே என்று கேட்டேன். அப்படி ஒரு ஆள் இங்கே வேலை பார்த்ததே இல்லை என்று சிரித்தார்கள். அப்போதுதான் மிளகுப் பொங்கல் யார் கை என்று எனக்கு உறைத்தது.

உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. இல்லை என்று சொன்னால் நானும் பொய் எழுதியவன் ஆவேன். ஆனால் அற்புதமணி வந்து அழுதபோது அவனை நம்பாமல் ஒரு தூக்குப் பாத்திரத்தை நம்பினவன் நான். அவன் ரயிலடிக் கடையிலிருந்து வந்தவன், அது கடைப் பண்டம் இல்லை என்று அவனுக்கு அன்றே தெரிந்திருக்கும். என் முகத்துக்காகச் சொல்லாமல் போய்விட்டான். அவனுக்கு ஆள் அனுப்பியிருக்கிறேன்.

செல்லப்பாண்டி வந்தான். "ஐயா, எந்திரிங்க, வீட்டுக்குப் போவோம். எல்லாரும் பாக்காங்க" என்று கையைப் பிடித்து இழுத்தான். பார்க்கட்டும் என்றேன். நம் வீட்டில் உலை வைக்கிற வழக்கம் கிடையாது, எனக்குச் சாப்பாடு இங்கேதான் என்றேன். இனி மூன்று வேளையும் இந்த இடத்தில்தான் சாப்பிடுவேன். வருகிறவர்களுக்கு என்ன போடுகிறானோ அதைத்தான். ராத்திரிக்கு அரிசி மூட்டை அறையில் பாய் இருக்கிறது. கடை சுத்தமாகும், அல்லது நான் முடிவேன், இரண்டில் ஒன்று நடக்கட்டும்.

நீ எனக்குத் தூக்கில் எதையும் கொடுத்து அனுப்பாதே. அனுப்பினால் தெருவில் கொட்டுவேன்.

ஆவுடையப்பன்


தூத்துக்குடி
11-7-1977
கையில் கொடுத்தனுப்புவது

மாமா அவர்களுக்கு,

உங்கள் சுகத்தை விசாரிக்க எனக்கு வாய் இல்லை. சனிக்கிழமையிலிருந்து உங்களுக்கு வயிற்றுக்குப் போவதையும், அதற்குப் பிறகும் பெஞ்சை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று நீங்கள் சொல்வதையும் அற்புதமணி அண்ணாச்சி வந்து சொன்னார்கள். இந்த ஐந்தாறு நாளும் அடுப்படியில் உட்கார்ந்துதான் இருந்தேன். இட்லி அவித்து, தூக்கில் அடுக்கி, உங்களுக்குக் கொடுக்க முடியாமல் மாட்டுக்குப் போட்டேன்.

நேற்று மாதா கோயில் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். அமலோற்பவம் அக்காள் இருக்கிற இடத்தில் இன்னும் மண்தான் குவிந்து கிடக்கிறது. கிளாடிஸ் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து எழுந்து போகவில்லை. என் பிள்ளைகளுக்கு ஆகாது என்று நான் ஒதுக்கின சட்னிதான் அவள் அம்மாவுக்கு விழுந்தது. மாமா, இதை நான் அவளிடம் சொல்லிவிட்டேன்.

இன்று காலை பின்கட்டு அடுப்பை இடித்துப் போட்டேன். உங்கள் மகன் மத்தியானம் பசியோடு வந்து, வழக்கம்போல் இலையைப் போட்டு உட்கார்ந்தார்கள். சாப்பாடு கடையில் இருக்கிறது என்றேன். பெரியவன் பசிக்கிறது என்று அழுதான், அவனுக்கும் அதையே சொன்னேன். உங்கள் மகன் பையனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு எழுந்து கடைக்குப் போய், தொட்டியைக் கழுவ ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். கழுவுவார்களோ, கழுவ மாட்டார்களோ, நான் இனி எதையும் நம்பி உட்கார்ந்திருக்கப் போவதில்லை.

நீங்கள் மாஸ்டருக்குக் கொடுத்த வேட்டியை எடுத்துக்கொண்டு வருகிறேன். அதை அற்புதமணி அண்ணாச்சிக்கு உங்கள் கையால் கொடுங்கள்.

பிள்ளைகள் இரண்டு பேருக்கும் முகம் கழுவி விட்டாயிற்று. உங்கள் மகனையும் தொட்டிப் பக்கத்திலிருந்து கூப்பிடச் சொல்லுங்கள். உங்கள் பெஞ்சுக்குப் பக்கத்தில் நாலு இலை போடச் சொல்லுங்கள், மாமா. நாங்கள் வந்துகொண்டிருக்கிறோம்.

வடிவு